ஒரே பாத்திரம்

நாத்தம் இன்னைக்குக் கொஞ்சம் கொறவா, இல்ல என் மூக்குதான் செத்துப்போச்சா, தெரியல. மணி நாலேகால். அஞ்சு மணிக்கு ஐயர் வாராரு. எங்க சபையில குருவானவர ஐயர்னுதான் சொல்லுவோம். இவரு புதுசு, வந்து ரெண்டு மாசம்கூட ஆகல, முப்பது வயசு இருந்தா அதிகம். அத்தானால, அதான் என் வீட்டுக்காரரால, கோயிலுக்குப் போவ முடியாதுன்னு வீட்டுக்கே வந்து நற்கருணை, அப்பமும் திராட்சரசமும், கொடுக்கப் போறாரு. கட்டிலுக்கு அடியில கிண்ணத்துல காப்பித்தூள் வச்சிருக்கேன், அது நாத்தத்த இழுக்குமாம், நர்சம்மா சொன்னா. இழுக்குது, இல்லங்கல, ஆனா காப்பியும் சேந்துல்லா நாறுது. இனி என் ஆயுசுக்கும் காப்பி எறங்காது எனக்கு. ஊதுபத்தி கொளுத்தலாம்னா லில்லி மைனி வாரா, அத்தானோட அக்கா, அது நம்ம வழக்கமில்லையே ரூபின்னு மொகத்தச் சுளிப்பா. ஜன்னலத் தொறந்தா ஈ வரும். மூடுனா நாத்தம் அங்கனயே கெட்டியா நிக்கும். தொறக்கேன், மூடுதேன், தொறக்கேன். அத்தான் செவுத்தப் பாத்துப் படுத்திருக்காவ. ஸ்டூல்ல வெள்ளத்துணி விரிச்சாச்சு.

கட்டு மாத்தியாச்சு. பழைய துணி சதையோட ஒட்டிக்கிடும், உப்புத்தண்ணி விட்டு விட்டு ஊறவச்சு உரிக்கணும். வலது கன்னத்துல புத்துநோய் தின்ன ஓட்டை, கட்டைவிரல் நுழையுத அளவு, உள்ள கடவாப்பல்லு தெரியும். கஞ்சி குடிச்சா பாதி அது வழியா வழிஞ்சு கழுத்துக்கு வந்துரும். மாத்திரையப் பொடிச்சு அதுல தூவணும், நாத்தத்துக்கு. கையுறை ரெண்டு ஜோடி ஒண்ணு மேல ஒண்ணு போடுதேன், பெறவு சோப்பு, பெறவு டெட்டால், பெறவும் கைய மோந்து பாக்கேன். எதுக்கு மோந்து பாக்கணும்? நாறும்னு தெரியும்லா. மோந்து பாக்காம இருக்க முடியல. சோறு பெசையக் கூசுது, ஸ்பூன்லதான் திங்கேன். இந்த வாய் என்ன வாய்! பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா நின்னு மைக்கு இல்லாம ஒரு சத்தம் போட்டாவன்னா டீக்கடையில கதை பேசுத டிரைவர் எல்லாம் கிளாசப் போட்டுட்டு ஓடுவான். ஞாயித்துக்கிழம பாடகர் குழுவுல பின் வரிசையில நின்னு அடிக்கொரல்ல பாஸ் பாடுவாவ, நான் உக்காந்திருக்க பெஞ்சு அதிரும். பாட்டு முடிஞ்சு பிரசங்கம் தொடங்குனா நைசா வெளிய போயி பொகையில அதக்கிட்டு வருவாவ. முப்பது வருசமா எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. அங்கிப் பையில பொட்டலம் கெடக்குமே, தொவைக்கது யாரு, நான்லா? சொல்லியிருக்கலாம். சண்ட போட்டிருக்கலாம். கோயில்ல பாடுத ஆளு, வெளிய தெரிஞ்சா கேவலம்னு வாய மூடிக்கிட்டுத் தொவச்சுப் போட்டேன். நான் என் வாய மூடுனேன், அவிய வாய் போச்சு. இப்பிடி நெனைக்கப்படாது. நெனைக்கத்தான் செய்யேன்.

ஆடி மாசத்த நெனைக்கவே கூடாதுன்னு இருக்கேன். நெனைக்கக்கூடாதுன்னு நெனச்ச ஒடனே அதுதான் வந்து நிக்குது. காலையில கட்டப் பிரிக்கேன், ஓட்டைக்குள்ள வெள்ளையா என்னமோ. துணி நூலுன்னு நெனச்சேன். நூலு நெளியுமா? பொழு. உயிரோட கண்ணத் தொறந்து என்னயப் பாத்துக்கிட்டு இருக்க மனுசன் மொகத்துல பொழு. கொல்லைக்கு ஓட நேரமில்ல, அங்கனயே, கட்டில்பக்கமே, அவிய மொகத்துக்கு எதுக்கவே ஓங்கரிச்சுட்டேன். குடிச்ச காப்பியெல்லாம் வந்துட்டு. அத்தானுக்குப் பொழு இருக்குன்னு தெரியாது. என் மொகத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாவ. நர்சம்மா வந்து டர்பன்டைன் எண்ண விட்டு இடுக்கியால ஒவ்வொண்ணா எடுத்தா, ஒண்ணும் இல்லம்மா, ஈ உக்காந்தா வாரதுதான்னு சாதாரணமாச் சொன்னா, கூலிக்கு வாரவளுக்கு வராத கொமட்டல் எனக்கு வந்துச்சு பாரு. அன்னையில இருந்து என்னயக் கிட்ட விடல. சவரக்கண்ணாடிய வச்சுக்கிட்டு அவியளே கட்டு மாத்திக்கிட்டாவ, கை நடுங்க ஆரம்பிக்கது வரைக்கும். இப்பவும் நான் போனா துண்ட எடுத்துக் கன்னத்த மூடுதாவ. முப்பத்திநாலு வருசம். அவிய கடிச்ச மாங்காயப் பிடுங்கித் தின்னவ நான். அவிய குடிச்ச மிச்ச மோரு தனி ருசின்னு சொன்னவ. அந்த வாய்தான் இந்த வாய். அந்தப் பொம்பளதான் இந்தப் பொம்பளையா? சீ.

போன வாரம் நோட்டுல எழுதிக் காட்டுனாவ. பேச்சு போயி நாலு மாசம் ஆச்சு, ரூல் போட்ட நோட்டுதான் இப்ப வாய். நற்கருணை வேணும்னு எழுதியிருந்தாவ. அதுக்குக் கீழ இன்னொரு வரி: நீயும் என் கூட எடுக்கணும். சரித்தான்னு சொன்னேன். சொல்லிட்டு அடுப்படிக்குப் போயி செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எங்க சபையில ஒரே பாத்திரம்தான். எல்லாரும் அதுலதான் வாய் வைக்கணும். தொத்துநோய்க் காலத்துக்குப் பெறவு பக்கத்துச் சபையெல்லாம் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம்னு மாறிட்டாவ, இங்கயும் கமிட்டியில பேச்சு வந்துச்சு. எந்திரிச்சு எதுத்தது யாரு? அத்தான்தான். பக்கத்துல இருக்கவன் வாய் வச்சதுல வாய் வைக்க மாட்டேன்னா எதுக்குவே கோயிலுக்கு வாரீரு, வீட்டுலயே குடிச்சிக்கிடும்னு சத்தம் போட்டுட்டு வந்து எங்கிட்டச் சொன்னாவ, நானும் நல்லாக் கேட்டியன்னு சிரிச்சேன். சிரிச்சவதான், இப்ப தனிக் கிண்ணம் கொண்டாங்க ஐயரேன்னு போன்ல சொல்ல ரெண்டு தடவ நம்பர் போட்டேன். ரெண்டு தடவையும் அத்தான் முழிச்சுக்கிட்டுக் கெடந்தாவ. வச்சுட்டேன்.

ஆனா ஒரு வழி இருக்கு. வியாதிக்காரங்களுக்குக் கடேசியிலதான் கொடுக்கணும், அதுதான் முறை. மாமியார் படுக்கையில கெடந்தப்ப பழைய ஐயர் அப்பிடித்தான் செஞ்சாரு. முதல்ல ஐயர் குடிப்பாரு, பெறவு வீட்டு ஆளுக, எல்லாருக்கும் கடேசியா வியாதிக்காரங்க. மிச்சம் இருந்தா ஐயரே குடிச்சுட்டு, பாத்திரத்துல தண்ணி ஊத்தி அலசி அந்தத் தண்ணியயும் குடிச்சுருவாரு. பிரதிஷ்ட பண்ணுன ரசம், ஆண்டவரோட ரத்தம், ஒரு சொட்டக் கீழ ஊத்தக்கூடாது. ஆக என் முறை அத்தானுக்கு முந்தி. நான் குடிச்ச பெறவுதான் அவிய. ஒரு வாரமா இதத்தான் வாயில போட்டு உருட்டிக்கிட்டுக் கெடக்கேன். பாத்திரம் தேய்க்கும்போதும் இதுதான், துணி காயப்போடும்போதும் இதுதான். கடேசி. வியாதிக்காரங்களுக்குக் கடேசி. நேத்து ராத்திரி முழங்கால் போட்டு வலி கொறையணும் ஆண்டவரேன்னு கேக்கப் போனவ, முறை மாறக்கூடாது ஆண்டவரேன்னு கேட்டுட்டு எந்திரிச்சேன். அத்தான் மட்டும் அதக் கேட்டிருந்தாவன்னா! தூ, நானும் ஒரு பொஞ்சாதி.

ஆறுதல், ஆறுதல்னு ஒரு கூட்டம் வந்துச்சு முதல்ல. கைக்குட்டையில தைலத்த ஊத்திக்கிட்டு வருவாளுக, வாசப்படிகிட்ட இருக்க சேரா பாத்து உக்காருவாளுக, ஆண்டவர் தமக்குப் பிரியமானவங்களத்தான் சோதிக்காரும்மான்னு சொல்லுவாளுக. காப்பி போடட்டான்னா வேண்டாம் ரூபி, இப்பத்தான் குடிச்சேன். எல்லாரும் இப்பத்தான் குடிச்சிருப்பாளுக. இந்த வீட்டுத் தம்ளர்ல வாய் வைக்க மாட்டாளுக, அதச் சொல்லவும் மாட்டாளுக. கன்னத்துல ஓட்டையோட கெடக்க மனுசனுக்கு ஒருத்தி காராச்சேவு வாங்கிட்டு வந்தா. இன்னொருத்தி ஒனக்குப் பெரிய சாட்சி இருக்கு ரூபி, இதெல்லாம் முடிஞ்ச பெறவு மேடையில வந்து சொல்லணும் நீயின்னா. இதெல்லாம் முடிஞ்ச பெறவுன்னா என்னட்டி? அவிய செத்த பெறவா? பொழுவுல இருந்து ஆரம்பிக்கட்டா? அந்த ஆறுதல நெனச்சாப் புண்ணு நாத்தம் தேவலன்னு இருக்கு. அதுக்காக ஆண்டவர விட்டுட்டேனான்னா இல்ல. ஆனா அவருகிட்டயும் கேட்டுட்டேன் ஒரு நாளு. நீரு எங்க உக்காந்திருக்கீரு? கட்டில்கிட்டயா, வாசப்படிகிட்டயான்னு. பதில் சொல்லலங்கதுக்காகக் கேக்காம இருக்க முடியுதா? கேட்டுக்கிட்டுத்தான் கெடக்கேன்.

"ஏட்டி ரூபி, இன்னும் சேலை மாத்தலயா நீ?" மைனி வந்துட்டா. வந்ததும் வராததுமா ஜன்னல அகலத் தொறந்தா. "தம்பி, எப்பிடிடா இருக்க? ஸ்தோத்திரம் சொல்லு, எல்லாம் சரியாயிரும்." அத்தான் துண்டால கன்னத்த மூடிக்கிட்டுத் தலைய ஆட்டுனாவ. கூடப்பொறந்தவ, வாசப்படிகிட்ட இருக்க சேருல போயி உக்காந்தா. காப்பி வேணுமான்னு நான் கேக்கல. அஞ்சுக்கு அஞ்சு நிமிசம் இருக்கும்போதே பைக் சத்தம். ஐயர் வெள்ள அங்கிய மடிச்சுக் கையில வச்சுக்கிட்டு, சின்னப் பெட்டியத் தூக்கிக்கிட்டு வாராரு. வாசல்ல செருப்பக் கழட்டும்போதே நாத்தம் அவர அடிச்சுட்டு. பாத்துட்டேன் நான். மூச்ச உள்ள இழுத்து அப்பிடியே நிப்பாட்டிக்கிட்டாரு, சிரிச்ச மொகம் மட்டும் மாறல. பாவம், கல்யாணம் ஆயி நாலு மாசம்தான் ஆச்சாம், ஐயரம்மா முழுகாம இருக்காளாம். "ஐயா, சொகமா இருக்கீங்களா?" அத்தான் கைய அவரே எடுத்துப் பிடிச்சாரு. கட்டில்லயே உக்காந்தாரு. மத்தவிய மாதிரி இல்ல. ஆனா கழுத்து நரம்பு பொடச்சு நிக்குது, மூச்சு விடல இன்னும். விடும் ஐயரே, எம்புட்டு நேரம்தான் தாங்குவீரு, விட்டுப் பாரும்.

ஜெபம் ஆரம்பிச்சாச்சு. எனக்கு மனப்பாடமான ஜெபம்தான், வாய் அதுபாட்டுக்கு ஆமென் சொல்லுது. கண்ணு மட்டும் ஸ்டூல்மேல இருக்க பாத்திரத்துல. வெள்ளிப் பாத்திரம், கைக்கு அடக்கமா, உள்ள ரசம் கறுப்பாத் தெரியுது. வெரல் ஒசரம் இருக்கும். மூணு பேருக்கும் ஐயருக்கும் அது காணும், தாராளம். ஐயர், மைனி, நான், அத்தான். இல்லன்னா ஐயர், நான், மைனி, அத்தான். எப்பிடிப் பாத்தாலும் அத்தான் கடேசி. ஏனோ தெரியல, அந்த நேரம் பாத்து அந்தப் பொம்பளைங்க நெனப்பு வருது. விடியமுந்தி ஆண்டவரோட கல்லறைக்குப் போன பொம்பளைங்க. ஈஸ்டருக்கு ஈஸ்டர் கேக்கதுதான், ஆனா வாசனத் தைலம் எதுக்குக் கொண்டு போனாவன்னு இன்னைக்கு வரைக்கும் நான் யோசிச்சதில்ல. நாறும்னுதான. மூணாம் நாளு, அந்த ஊரு வெயிலு, உடம்பெல்லாம் அடிபட்ட காயம். நாறும்னு தெரிஞ்சுதான் போயிருக்காவ. அவியளுக்கு மட்டும் என்ன தேவதூதன் மூக்கா? முந்தானையால பொத்திக்கிட்டுத்தான் போயிருப்பாவ. ஒருத்தியாவது வழியில நின்னு ஓங்கரிச்சிருப்பா. இன்னொருத்தி அவ தலையப் பிடிச்சிருப்பா. அத எந்த ஐயரும் பிரசங்கத்துல சொன்னதில்ல. ஆனா போனாவல்லா? கொமட்டிக்கிட்டேயாவது போனாவல்லா? ஒரு வருசத்துல முதத்தடவயா எவளோ ஒருத்தி என் பக்கத்துல சேரப் போட்டு உக்காந்த மாதிரி இருந்துச்சு. காப்பி வேண்டாம்னு சொல்லாதவ.

அப்பம் கொடுத்தாச்சு. அத்தானுக்கு ஒரு துணுக்கு, நாக்குல வச்சாரு. துண்ட எடுத்துட்டாவ இப்ப, கட்டு தெரியுது, ஓரத்துல மஞ்சளா ஊறியிருக்கு. ஐயர் பாத்திரத்த எடுத்துத் தான் ஒரு வாய் குடிச்சாரு. எந்திரிச்சாரு. எம்பக்கம் திரும்புவாருன்னு ரெண்டு கையயும் நீட்டிட்டேன். அவரு திரும்பல. கட்டில் பக்கமாக் குனிஞ்சு, "ஐயா, உங்களுக்குத்தான் முதல்ல" அப்பிடிங்காரு. ஐயோ, ஐயரே. மரியாதைன்னு நெனச்சுட்டாரு. வயசுல மூத்தவரு, வேதனையில இருக்கவருன்னு அன்பால செய்யுதாரு. இவருக்கு முறை தெரியல, சின்ன வயசு, வீட்டுல கொடுக்கது இதுதான் முதத்தடவயோ என்னமோ. ஐயரே கடேசியிலன்னு வாயத் தொறந்தேன். எதுக்குக் கடேசியிலன்னு அத்தான் கேக்க மாட்டாவளா, கண்ணாலயே? மூடிக்கிட்டேன். அத்தான் தலையத் தூக்கி, ரெண்டு கையாலயும் பாத்திரத்தப் பிடிச்சுக் குடிக்காவ. கண்ண மூடிக்கிட்டு. புண்ணுல பட்டு எரிஞ்சிருக்கும், காலு விறைச்சுது. குடிச்சது கட்டு வழியாக் கசிஞ்சு செவப்பா எறங்குது, ஐயர் வெள்ளத்துணியால பதறித் தொடச்சாரு. பாத்திரத்த எடுக்கும்போது ஒதட்டுல இருந்து விளிம்பு வரைக்கும் ஒரு எச்சி நூலு. அது நீண்டுச்சு. அந்து உள்ள விழுந்துச்சு.

விளிம்பத் தொடச்சாரு ஐயர். உள்ள விழுந்தத எங்கன தொடைக்க? அப்பத்தான் அவருக்கும் தெரியுது என்ன செஞ்சுட்டோம்னு. நாங்க ரெண்டு பேரும் குடிச்சுட்டு மிச்சத்த அவருல்லா குடிக்கணும். நெத்தியில வேர்வை. வாசப்படிகிட்ட இருந்து மைனி, "ஐயரே, எனக்கு வயிறு சரியில்ல, அப்பம் எடுத்தது போதும்"னா. ஐயர் எம்பக்கம் திரும்புனாரு. பாத்திரம் மூக்குக்குக் கீழ. ரசத்து மணம் இல்ல, அந்த மணம். ரசத்துமேல மெல்லிசா ஆடை மாதிரி ஒண்ணு மெதக்குது. தொண்டைக்குள்ள ஏறுது எனக்கு, அன்னைக்கு ஏறுன அதே எடத்துல. அத்தான் என்னயத்தான் பாக்காவ. செவுத்த இல்ல, என்னய. அவிய பாத்துட்டாவ, என் தொண்ட ஏறி எறங்குனத. கைய நீட்டுனாவ. எங்கிட்ட இல்ல, ஐயர்கிட்ட. கொண்டா, நானே குடிச்சுக்கிடுதேன்னு கையக் காட்டுதாவ. எரிஞ்சாலும் பரவாயில்ல, யாரும் கஷ்டப்பட வேண்டாம்னு. ஐயர் மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாரு. கை தானாக் கட்டில் பக்கம் போவுது. மைனி ஸ்தோத்திரங்கா. எனக்கும், ஆண்டவரே, எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சு. ஒரு நொடி. அந்த அப்பாடா இருக்கே, அந்தப் பொழுவுகூட எனக்கு இம்புட்டு அருவருப்பா இல்ல. இந்த மனுசன் எல்லாரோட கொமட்டலயும் சேத்து அவியளே குடிக்கணும், நாங்க மூணு பேரும் சுத்தமா வீட்டுல ஒக்காந்திருக்கணும். அப்பிடித்தானே?

"விடுங்க. அது என் பங்கு." பாத்திரத்தப் பிடிச்சுட்டேன். அத்தானும் விடல. ம்ம்ம்னு தலைய ஆட்டுதாவ, கண்ணு கெஞ்சுது. "விடுங்கங்கேன்லா அத்தான்! நீயும் கூட எடுக்கணும்னு எழுதுனது நீங்கதான? இப்ப நீங்களே குடிச்சா அதுக்குப் பேரு என்ன?" சண்ட போடுதோம் ரெண்டு பேரும், நற்கருணைப் பாத்திரத்தப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, ஐயர் ரெண்டு கையயும் கீழ ஏந்திக்கிட்டு, "அம்மா, அம்மா, மெதுவா" அப்பிடிங்காரு. "ரூபி, ஒனக்குக் கிறுக்கா?" இது மைனி. அவிய கையில பெலம் எங்க இருக்கு, விட்டுட்டாவ. குடிச்சேன். ஒரு வாய் இல்ல, இருந்ததெல்லாம். இனிப்பு, அதுக்குப் பின்னால மருந்துக் கசப்பு, அதுக்குப் பின்னால துருப்பிடிச்ச இரும்பு ருசி, வெதுவெதுன்னு. கொழகொழன்னு ஒண்ணு நாக்குல பட்டுச்சு. பரிசுத்தமா ஒண்ணும் மாறல. நாத்தம் நாத்தமாத்தான் இருந்துச்சு. பாத்திரத்த ஐயர்கிட்டக் கொடுத்தேன். "ஒங்களுக்கு மிச்சம் இல்ல ஐயரே, தண்ணி ஊத்தி அலசுனதக் கொடுங்க, அதயும் நானே குடிச்சுருதேன்." அவரு கண்ணு நெறஞ்சுட்டு. தண்ணிய ஊத்தினாரு, ஆனா எங்கிட்டத் தரல. அவரே குடிச்சாரு, மூச்ச விட்டு, மெதுவா.

வயிறு பொரட்டி எழும்புது. வாயப் பொத்திக்கிட்டு நிக்கேன். அத்தான் கோவமாப் பாக்காவ, வாயக் கோணிக்கிட்டு என்னமோ சொல்லுதாவ. ஐயருக்குப் புரியல, மைனிக்குப் புரியல. எனக்குப் புரியுது, பைத்தியக்காரிங்காவ. "ஆமா, பைத்தியக்காரிதான்" அப்பிடின்னு பொத்துன கைக்குள்ளயே சொன்னேன். மேல வருது மறுபடி. வாய் வரைக்கும் வந்துட்டு. விடமாட்டேன். கட்டில் சட்டத்தப் பிடிச்சுக்கிட்டு ரெண்டாந்தடவயா முழுங்குனேன், முதத்தடவயவிட அது மோசம். எறங்கிச்சு. அத்தான் சட்டத்துல இருந்த என் கைமேல கைய வச்சாவ, கையுறை இல்லாத கைமேல. ஐயர் ஆசீர்வாதம் சொல்ல ஆரம்பிக்காரு, மைனி எந்திரிச்சு நிக்கா, நான் ஒண்ணும் கேக்கல. இன்னும் கொமட்டத்தான் செய்யுது. கொமட்டிட்டுப் போவட்டும். ஆண்டவரே, அந்தக் கொமட்டலும் உள்ளதான் கெடக்கு, நீரும் இப்ப உள்ளதான் கெடக்கீரு. ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துக்கிடுங்க.